பேரேடு யார் கையில்?



மார்ச் மாதம் பிறந்துவிட்டால் நமது கடைகளுக்கு இரண்டு பேர் தவறாமல் வருகிறார்கள். ஒருவர், ஆண்டுக் கணக்கை முடிப்பதற்காக ஆடிட்டர் ஆபீசிலிருந்து வரும் தம்பி. மற்றவர், கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் லேப்டாப் பையுமாக, "அண்ணாச்சி, அஞ்சே நிமிஷம்" என்று படியேறும் சாப்ட்வேர் கம்பெனிப் பிரதிநிதி. "31ஆம் தேதி வரைக்கும்தான் இந்த விலை, ஒண்ணாம் தேதி ஏறிடும்" என்பார். ஆடித் தள்ளுபடியும் தீபாவளி ஸ்கீமும் போட்டே தலை நரைத்த நமக்கு இந்த வித்தை புரியாதா என்ன? நன்றாகவே புரிகிறது. ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

துவரம்பருப்பு வாங்குகிறபோது நாம் எப்படி வாங்குகிறோம்? சாம்பிளை உள்ளங்கையில் கொட்டி, வெளிச்சத்தில் காட்டி, ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்து, மூட்டையின் அடியில் குத்தூசி விட்டு இழுத்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். சாப்ட்வேர் என்றால் மட்டும், பிரிண்டரிலிருந்து பில் 'சர்'ரென்று வந்து விழுவதைப் பார்த்ததும் திருப்தி அடைந்துவிடுகிறோம். மேல் சாக்கில் இருக்கும் பருப்பை மட்டும் பார்த்து லோடு எடுப்பது போன்றதுதான் இது. நமது உறுப்பினர்களில் பலர் இந்த விஷயத்தில் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். ஆகவே, இந்தக் கம்பெனிகள் நம்மிடம் எப்படி விற்கிறார்கள் என்பதை ஒரு வியாபாரியின் கண்கொண்டு சற்று விரிவாக எழுதலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர்களுடைய வியாபார முறை நமக்குப் புதியது அன்று. அதன் வேர் நமது அலமாரியிலேயே இருக்கிறது. உலகெங்கும் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு சாப்ட்வேர் விற்று வளர்ந்த அமெரிக்க நிறுவனம் இன்ட்யூட். 1983இல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்காட் குக், அதற்கு முன்பு வேலை பார்த்தது பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில். ஏரியல், டைடு என்று நாம் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக இறக்குகிறோமே, அதே கம்பெனிதான். சோப்புத்தூள் வாங்கும் வீட்டுப் பெண்மணிக்கு என்ன வேண்டும் என்று விசாரிக்கிற பழக்கத்தை அவர் கணக்கு சாப்ட்வேருக்கும் கொண்டுவந்தார். கடையில் பெட்டியை வாங்கிப் போகிறவரிடம் அனுமதி கேட்டு, அவருடைய வீட்டுக்கே ஆளை அனுப்பி, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னாராம். நம் பக்கத்துப் பிரதிநிதிகளில் ஒருவராவது, பில் போடும் இடத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்த்ததுண்டா? 50 கிலோ மூட்டையாக வாங்கி 100 கிராம் வரை பிரித்து விற்கிறோம். தூசிக் கழிவு போகிறது, எடைக் குறைவு வருகிறது, பாதி மூட்டை திரும்பி வருகிறது. இதையெல்லாம் எங்கே பதிவது என்று கேட்டால், "அது கஸ்டமைஸ் பண்ணித் தரலாம் சார்" என்று பதில் வரும். அதற்குத் தனிக் கட்டணம்.

நமது நாட்டுக் கதைக்கு வருவோம். டாலியை அறியாத வியாபாரி இல்லை. அது பிறந்ததே ஒரு வியாபாரியின் தேவையில்தான். பெங்களூரில் ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரி பாகங்களும் சப்ளை செய்துவந்த சியாம் சுந்தர் கோயங்கா, தமது கணக்குக்குப் பொருத்தமான சாப்ட்வேர் கிடைக்காமல், கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவிடம் ஒன்றை எழுதச் சொன்னார். 1986இல் தொடங்கிய அந்தக் கம்பெனிக்கு அப்போது பியூட்ரானிக்ஸ் என்று பெயர். அதற்கு முந்தைய கணக்கு புரோகிராம்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு எண்ணை நினைவில் வைத்திருக்க வேண்டும். டாலியில் அந்தத் தொல்லை இல்லை. ஆளின் பெயரை அடித்தால் போதும், பேரேட்டில் பக்கம் திறந்துவிடும். நமது கணக்குப்பிள்ளைகளுக்குப் பேரேடு எப்படிப் பழக்கமோ அப்படியே இருந்தது. நல்ல சரக்கு தானே விலைபோகும் என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் சரக்கு நன்றாக இருந்தது மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. 90களில் அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களைப் போலவே, பிளாப்பியில் காப்பி எடுத்து ஓட்டியவர்களும் ஏராளம் என்பது நாம் அனைவரும் அறிந்த ரகசியம். கம்பெனிக்கு அது நஷ்டம்தான். ஆனால் அந்தக் காப்பியில் பழகித்தான் ஒரு தலைமுறைக் கணக்கர்கள் உருவானார்கள். தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர்களில் அதைக் கற்றுக் கொடுத்தார்கள். "டாலி தெரிந்த பெண் கணக்கர் தேவை" என்று நாமே கடை வாசலில் அட்டை தொங்கவிட்டோம். தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1இல் வாட் வரி வந்தது. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தது. வரி முறை மாறும்போதெல்லாம் பழைய காப்பி வேலைக்கு ஆகாது, முறையான லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். வேறு சாப்ட்வேருக்குப் போகலாம் என்றால் கணக்கருக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

இந்த இடத்தில் ஷாம்பு பாக்கெட் கதை எனக்கு நினைவுக்கு வருகிறது. கடலூர்க்காரரான சி.கே.ரங்கநாதன் 1983இல் தொடங்கிய கம்பெனி சிக் ஷாம்புவைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனபோது, எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். ஜனங்கள் பழகிய பிறகு, சிக் காலிப் பாக்கெட் கொடுத்தால்தான் இலவசம் என்று மாற்றினார்கள். அந்தக் காலத்தில் காலிப் பாக்கெட்டை எண்ணிக் கணக்கு வைத்த மூத்த உறுப்பினர்கள் நமது சங்கத்திலும் இருக்கக்கூடும். முதலில் கதவை எல்லோருக்கும் திறந்துவிடுவது, பழகியபின் தாழ்ப்பாள் போடுவது. ஷாம்புவில் இதனால் யாருக்கும் தீங்கு இல்லை. பிடிக்காவிட்டால் நாளைக்கு வேறு பாக்கெட் வாங்கிக்கொள்வார்கள். கணக்கு சாப்ட்வேரை அப்படி மாற்ற முடியாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இன்னொரு வழியையும் கவனியுங்கள். கல்யாண மளிகை லிஸ்ட்டில் பெருங்காயம் எந்தக் கம்பெனி என்று எழுதுவது யார்? பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா? சமையல்காரர்தான் எழுதுகிறார். ஆகவே பெருங்காயக் கம்பெனி சமையல்காரரைப் போய்ப் பார்க்கிறது. சாப்ட்வேர் கம்பெனிகளும் அவ்வாறே ஆடிட்டரையும், வரி ஆலோசகரையும், கணக்கரையும் போய்ப் பார்க்கின்றன. "நம்ம ஆடிட்டரே இதைத்தான் வைக்கச் சொல்கிறார்" என்றால் நாம் மறுபேச்சுப் பேசுவதில்லை. ஆடிட்டர் சொல்வதில் நியாயமும் உண்டு. நூறு வாடிக்கையாளரின் கணக்கும் ஒரே மாதிரி வந்தால் அவருக்கு வேலை சுலபம். ஆனால் அது அவருடைய சௌகரியம். நமது சௌகரியமும் அதுதானா என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும். அவர் கமிஷன் வாங்குகிறாரா இல்லையா என்று கேட்பதில் தவறொன்றும் இல்லை. நாம் அரிசி மண்டிக்காரரிடம் கேட்பதில்லையா?

இவற்றையெல்லாம்கூட வியாபார தந்திரம் என்று விட்டுவிடலாம். எனக்குக் கோபம் வருவது, சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தி விற்கும்போதுதான். மின்னணு இன்வாய்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று ஆரம்பித்து, படிப்படியாகக் குறைத்து, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். அதுவும் ஜிஎஸ்டி பதிவுள்ள வியாபாரிக்கு விற்கும்போதுதான். வீட்டுக்குச் சாமான் வாங்க வருகிறவருக்குப் போடும் பில்லுக்கு அது கிடையாது. ஆனால் ஆண்டுக்கு 80 லட்சம் விற்கும் ஒரு மளிகைக் கடைக்காரரிடம், "இனிமே இ-இன்வாய்ஸ் இல்லாம பில் போட்டா பெனால்டி" என்று சொல்லி ஒரு பிரதிநிதி விற்றுப் போயிருக்கிறார். அந்த நண்பர் இணக்கவரித் திட்டத்தில் இருப்பவர். 1 சதவீத வரியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டி, ஆண்டுக்கு ஒரு ரிட்டர்ன் கொடுத்தால் அவர் வேலை முடிந்தது.

கணக்குத் திருத்தத் தடம் விஷயமும் இப்படித்தான். கணக்கில் செய்கிற ஒவ்வொரு திருத்தத்தையும் அழிக்க முடியாதபடி பதிவுசெய்யும் சாப்ட்வேர் வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அது கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனிகளுக்கான விதி. தனி முதலாளிக் கடைக்கோ, கூட்டுப் பங்குக் கடைக்கோ அது பொருந்தாது. இதைச் சொல்லி விற்க வந்தவரிடம், "தம்பி, என் கடை பிரைவேட் லிமிடெட் இல்லையே" என்றேன். "எப்படியும் உங்களுக்கும் வந்துடும் சார்" என்றார். வரும்போது பார்த்துக்கொள்கிறேன் என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன். பாவம், அவருக்கும் மாத டார்கெட் இருக்கும். ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடிக்குக் குறைவாக உள்ளவர்களுக்கு இலவசக் கணக்கு சாப்ட்வேர் கிடைக்கும்படி 2019இல் ஜிஎஸ்டி நெட்வொர்க்கே ஏற்பாடு செய்தது. அந்தச் செய்தியைச் சொல்ல எந்தப் பிரதிநிதியும் என் கடைப் படி ஏறவில்லை.

இலவசம் என்றதும் போனில் வரும் கடன் நோட்டு செயலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். காட்டாபுக், ஓகே கிரெடிட் போன்றவை. கிரிக்கெட் வீரர் தோனியை விளம்பரத் தூதராக வைத்து 2020இல் காட்டாபுக் வீடு வீடாகப் பெயர் எடுத்தது. கடன் வைத்தவருக்கு ஞாபகப்படுத்தும் செய்தி தானாகப் போய்விடும். நாம் முகம் கொடுத்துக் கேட்க வேண்டிய சங்கடம் இல்லை. நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நமது கடன் நோட்டில் என்ன இருக்கிறது? ஊரில் யார் நாணயமானவர், யார் மாதம் பிறந்தால் கொடுப்பார், யார் அறுவடைக்குப் பிறகுதான் கொடுப்பார், நமது கடையில் சுற்றும் பணம் எவ்வளவு என்பதெல்லாம் இருக்கிறது. இத்தகைய செயலிகள் பின்னால் கடன் கொடுக்கும் தொழிலில் இறங்கியதில் வியப்பே இல்லை. இலவசம் என்று வாங்கிய பொருளுக்கு நாம் எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுத்தால் சரி.

இப்போது எனது அனுபவம். எங்கள் கடையில் ஒரு கம்பெனியின் பில்லிங் சாப்ட்வேரை வாங்கி வைத்தோம். பெயர் வேண்டாம். முதல் ஆண்டு கட்டணம் மிகக் குறைவு. இரண்டாம் ஆண்டு சற்றுக் கூடியது. மூன்றாம் ஆண்டு புதுப்பிக்கும் தேதி தீபாவளி வாரத்தில் வந்தது. கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பு. பண்டிகை முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாள் காலையில் கடை திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால், "புதுப்பிக்கவும்" என்ற ஒரு வரியைத் தவிர வேறு எதுவும் திரையில் இல்லை. புது பில் போட முடியாமல் போனால் போகட்டும், பில் புத்தகத்தில் கையால் எழுதிக்கொள்ளலாம். பழைய பில்லையும் பார்க்க முடியவில்லை. யார் யார் எவ்வளவு நிலுவை என்பதே தெரியவில்லை. சில்லறைக் கடைக்காரர் ஒருவர் வந்து, "அண்ணாச்சி, என் பாக்கி எவ்வளவுன்னு சொல்லுங்க, முடிச்சிடறேன்" என்று பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் தகப்பனார் காலத்திலிருந்து எங்கள் கடைக்கு நேர்ந்திராத அவமானம் அது.

இரண்டு நாள் கழித்துக் கேட்ட பணத்தைக் கட்டினேன். கட்டியதும் முதல் வேலையாக, வேறு சாப்ட்வேருக்கு மாறலாம் என்று எங்கள் கணக்கை எடுத்துத் தரச் சொன்னேன். நூற்றுக்கணக்கான பக்கங்கள் பிடிஎஃப் ஆக வந்தன. படிக்கலாம், அச்செடுக்கலாம், வேறு சாப்ட்வேரில் ஏற்ற முடியாது. எக்செல் வடிவில் வேண்டுமென்றால் தனிக் கட்டணம் என்றார்கள். கடைசியில் எங்கள் கணக்கர் அம்மா 400க்கு மேற்பட்ட கணக்குகளின் ஆரம்ப இருப்பை, மூன்று வாரம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அடித்து ஏற்றினார்.

முன்பெல்லாம் கணக்குப்பிள்ளை கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போவார். போனால் ஆள்தான் போவார். மஞ்சள் குங்குமம் வைத்துத் தொடங்கிய சிட்டையும் பேரேடும் கடையிலேயே இருக்கும். அடுத்து வருகிறவர் பக்கத்தைப் புரட்டி வேலையைத் தொடங்கிவிடுவார். இப்போது கணக்குப்பிள்ளை போகும்போது பேரேட்டையும் எடுத்துக்கொண்டு போகிறார்.

இது வெறும் மனக்குறை அன்று. ஜிஎஸ்டி சட்டப்படி நமது கணக்குகளையும் பில்களையும், அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கொடுக்க வேண்டிய கெடுவிலிருந்து 72 மாதங்கள் பாதுகாத்து வைக்க வேண்டும். அதாவது முழுதாக ஆறு ஆண்டுகள். நோட்டீஸ் வந்தால், "சாப்ட்வேர்க்காரர் பூட்டிவிட்டார்" என்று அதிகாரியிடம் சொல்ல முடியுமா? கம்பெனியே கடையைக் கட்டினால் என்ன செய்வது? நடக்காத காரியம் என்று எண்ணிவிடாதீர்கள். மேலே சொன்ன இன்ட்யூட் நிறுவனம், குவிக்புக்ஸ் என்ற தனது கணக்கு சாப்ட்வேரை இந்தியாவில் விற்றுவந்தது. உலகப் பெரிய கம்பெனிதான். 2023 ஜனவரி 31உடன் இந்தியாவில் அந்தச் சேவையை நிறுத்திவிட்டது. மாதக்கணக்கில் முன்கூட்டியே அறிவித்துத்தான் நிறுத்தினார்கள், அது பெரிய கம்பெனிக்கு அழகு. ஆனாலும் அதில் கணக்கு வைத்திருந்த ஒவ்வொருவரும் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. அறிவிப்பே இல்லாமல் போனை அணைத்துவிடும் சின்ன கம்பெனி என்றால் நிலைமை என்ன ஆகும்?

இத்தனையும் சொன்னதால், ஆண்டுக் கட்டணமே கொள்ளை என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத வரி வந்தது. 2025 செப்டம்பர் 22இல் பிஸ்கட், சோப்பு, ஷாம்பு, பற்பசை, நெய், வெண்ணெய் என்று ஏகப்பட்ட சரக்குக்கு ஒரே நாளில் வரி 5 சதவீதத்துக்கு இறங்கியது. இதையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து சாப்ட்வேரில் மாற்றிக் கொடுத்தால்தான் மறுநாள் காலையில் நாம் சரியான பில் போட முடியும். அந்த உழைப்புக்குக் கூலி உண்டு. நாம் மட்டும் லாபம் வைத்து விற்க வேண்டும், மற்றவன் தர்மத்துக்குச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது வியாபாரிக்குப் பொருந்தாது. எனது வாதமெல்லாம், புது வேலைக்குப் பணம் கேட்கட்டும். ஏற்கெனவே எழுதி முடித்த என் கணக்கைப் பார்ப்பதற்குப் பணம் கேட்கக்கூடாது என்பதுதான்.

ஆகவே அடுத்த முறை பிரதிநிதி வரும்போது, தள்ளுபடி எவ்வளவு என்பதைக் கடைசியில் பேசிக்கொள்ளுங்கள். முதலில், ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும் என்று ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். அடுத்து, கட்டணம் கட்டாமல் நின்றுவிட்டால் பழைய கணக்கைப் பார்க்கவும் அச்செடுக்கவும் முடியுமா என்று கேளுங்கள். "முடியும்" என்றால், அங்கேயே தேதியை மாற்றிவைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு, அவருடைய டெமோவில் உள்ள சரக்கு வேண்டாம், உங்கள் கடைச் சரக்கு பத்தை அவரையே ஏற்றச் சொல்லி, சில்லறையாகவும் மூட்டையாகவும் பில் போட்டு, கொஞ்சம் ரிட்டர்னும் எடுத்து, எல்லாவற்றையும் எக்செல்லில் எடுத்து உங்கள் பென்டிரைவில் போட்டுத் தரச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்துக்கு மனமில்லாதவர், சிக்கல் வரும் நாளில் போனை எடுக்கப்போவதில்லை. ஏற்கெனவே சாப்ட்வேர் வைத்திருப்பவர்கள், நிலுவைப் பட்டியலையாவது மாதம் ஒருமுறை காகிதத்தில் அச்செடுத்து வையுங்கள். இதை நான் தீபாவளிக்குப் பிறகு கற்றுக்கொண்டேன்.

நமது சங்கத்திற்கும் ஒரு வேண்டுகோள். சாப்ட்வேர் கம்பெனிகள் இப்போது தனித்தனிக் கடையாக அலைவதை விட்டுவிட்டுச் சங்கங்களையே நேராக அணுகுகிறார்கள். ஆண்டு விழா மலருக்கு விளம்பரம், காலண்டர், டைரி, மாநாட்டு மேடைக்குப் பின்னால் பேனர். பதிலுக்கு, "சங்க உறுப்பினர்களுக்குச் சிறப்புச் சலுகை" என்று நமது பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள். சங்கத் தலைவர் அருகில் நின்று எடுத்த போட்டோவைக் காட்டினால், சின்ன கடைக்காரர் வேறென்ன விசாரிப்பார்? விளம்பரம் வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை; மலரின் அச்சுக்கூலி எவ்வளவு என்பது எனக்கும் தெரியும். ஆனால் சங்கத்தின் பெயரைக் கொடுப்பதற்கு முன்னால் மூன்று வாக்கியம் எழுதி அந்தக் கம்பெனியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கட்டணம் நின்றாலும் பழைய கணக்கைத் திறந்து பார்க்க முடியும். உறுப்பினர் கேட்டால் முழுக் கணக்கையும் வேறு சாப்ட்வேரில் ஏற்றக்கூடிய வடிவில், தனிக் கட்டணம் இன்றி, 15 நாளுக்குள் தரப்படும். கம்பெனி சேவையை நிறுத்துவதானால் ஆறு மாதம் முன்பே எழுத்துமூலம் அறிவிக்கப்படும்.

இதை அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் சேர்க்கும்படி செயலாளர் அவர்களுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். உறுப்பினர்கள் தாங்கள் வைத்திருக்கும் சாப்ட்வேருக்கு முதல் ஆண்டில் என்ன கட்டினீர்கள், இந்த ஆண்டு என்ன கட்டினீர்கள், கணக்கைக் கேட்டபோது எந்த வடிவில் கொடுத்தார்கள் என்பதை ஒரு அஞ்சலட்டையில் எழுதி, கூட்டத்துக்கு முன்பாகச் சங்க அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தால் பேசுவதற்கு உதவியாக இருக்கும்.